ஒருத்திக்கு ஒரு விளையாட்டுத்தானா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த மறு வாரத்தில் உடற்பயிற்சி அறையின் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்படுவது வழக்கம். எறிபந்து, வளையப்பந்து, கோ-கோ, கூடைப்பந்து, தடகளம் என்று ஐந்து கட்டங்கள் அதில் இருக்கும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தங்கைகள் அந்தத் தாளைச் சூழ்ந்துகொண்டு, எந்தக் கட்டத்தில் பெயர் எழுதுவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘ஒரு மாணவி ஒரு விளையாட்டுக்கு மட்டுமே பெயர் கொடுக்கலாம்.’

அந்தச் சிவப்பு வரியைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறோம். நாங்கள் நால்வரும் பத்தாம் வகுப்பு மாணவியர். பள்ளியின் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறவர்கள். எழுதும் கை ஒன்று என்றாலும் கருத்து நால்வருடையது. பெரியவர்கள் போட்ட விதியைப் பற்றிச் சிறியவர்கள் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ‘மனத்தில் உள்ளதை எழுதுங்கள், எதையும் பார்த்து எழுதாதீர்கள்’ என்று தமிழாசிரியை சொன்னார்கள். அந்தத் துணிவில் எழுதுகிறோம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரி வந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது குறுவட்டப் போட்டிகளில் நம் பள்ளி எல்லா விளையாட்டிலும் முதல் சுற்றிலேயே தோற்றது. நம்மை வென்ற பள்ளிகளில் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே விளையாட்டில் பழகுகிறார்கள் என்றும், தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். ‘எல்லாவற்றிலும் கை வைத்தால் ஒன்றிலும் உருப்பட முடியாது’ என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து சொன்னாராம். அடுத்த ஜூனில் சிவப்பு வரி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே கூடைப்பந்துக் கோப்பையும் வந்தது. அது தலைமைச் சிஸ்டரின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடியவர்களில் நாங்களும் இருந்தோம். ஆகவே விதியால் பயனே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஆனால் அந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். ‘எழுதுங்கடி, பேரு மட்டும் வேண்டாம்’ என்றாள்.

எங்கள் தோழி ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வகுப்பிலேயே உயரமானவள். அந்நாளில் பி.டி. மிஸ் எங்களை எல்லாவற்றையும் ஆடவைத்தார்கள். திங்கட்கிழமை கோ-கோ என்றால் புதன்கிழமை எறிபந்து. மழை பெய்து திடல் சேறானால் மேடைக்கு முன்னால் வளையப்பந்து. வெள்ளிக்கிழமை மணற்குழியில் உயரம் தாண்டுதல். அவளுக்கு எல்லாமே வந்தது. மிகவும் பிடித்தது உயரம் தாண்டுதல். தாண்டுவதற்கு முன் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொள்வாள். என்னடி எண்ணுகிறாய் என்று கேட்டால் சொல்லமாட்டாள். ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் 1 மீட்டர் 30 தாண்டினாள். அன்று அவளுக்குப் பன்னிரண்டு வயது.

எட்டாம் வகுப்பு ஜூனில் கதவில் தாள் வந்தது. அவள் தடகளக் கட்டத்தின் எதிரே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குழுவிலோ வளையத்தின் கீழே எட்டிப் பந்தெடுக்க ஆள் இல்லை. ‘கூடைப்பந்துன்னு எழுதுடி, நீ இல்லாம நாங்க எப்படி ஜெயிக்கிறது?’ என்று நால்வரும் சூழ்ந்துகொண்டோம். அவள் சிரித்தாளே ஒழிய எழுதவில்லை. எங்களில் ஒருத்தி அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவள் பெயரைக் கூடைப்பந்துக் கட்டத்தில் எழுதிவிட்டாள். அவளும் ‘சரி போ’ என்று விட்டுவிட்டாள். இதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதினால் அது நேர்மையாகாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வாரத்தில் ஆறு நாள் காலையும் மாலையும் கூடைப்பந்து. ஒரே தளம், அதே தாவல், அதே தரையிறக்கம். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் அவளுக்கு வலது முழங்கால் சில்லுக்குக் கீழே வலி கண்டது. வளர்கிற வயதில் ஒரே இடத்துக்கு நாள் தவறாமல் ஒரே மாதிரியான வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, டாக்டர் மூன்று மாதம் ஓய்வு எழுதிக்கொடுத்தார். கோப்பை வாங்கிய ஆட்டத்தில் அவள் இருந்தாள். அதற்கு அடுத்த ஆண்டுப் போட்டியில் பெஞ்சில் இருந்தாள்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில், வெளியூரில் உள்ள ஒரு விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் போனாள். துணைக்கு எங்களில் ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் போனார்கள். தேர்வாளர் கேட்டது இவ்வளவுதான்:

“எத்தனை வருஷமா ஆடுறேம்மா?”

“தனியா ரெண்டு வருஷம், சார். அதுக்கு முன்னாடி எல்லாம் ஆடுவேன்.”

“மத்தப் பிள்ளைங்க அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு வந்திருக்காங்களே.”

“ஹைஜம்ப்பும் பண்ணுவேன், சார்.”

“ஃபாரத்துல கூடைப்பந்துன்னுதானே போட்டிருக்கு?”

அந்தத் திடலின் மறு கோடியில்தான் உயரம் தாண்டுதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வேலியோரம் நின்று இருவரும் பார்த்தார்கள். அன்று அங்கே முதலாவதாக வந்த பெண் தாண்டியது 1 மீட்டர் 35. எங்கள் தோழி 1 மீட்டர் 30 தாண்டி இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் அரைச் சாண் வளர்ந்திருக்கிறாள். அன்று அவளால் 35 தாண்ட முடிந்திருக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கம்பத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மனத்தாங்கல் அதுதான்.

இப்போது மாலை மணி அடித்ததும் அவள் நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுகிறாள். திடலுக்கு வருவதில்லை.

நிற்க. ஒரே ஒரு பெண்ணின் கதையை வைத்து ஒரு விதியையே தவறு என்று சொல்லலாமா? முழங்கால் வலி வேறு எதனாலும் வந்திருக்கலாமே? இந்தக் கேள்விகளை எங்களில் ஒருத்தியே கேட்டாள். அதனால் நூலகத்திலும், தந்தையரின் கைபேசியிலும் தேடிப் படித்தோம். படித்ததில் எங்களை மிகவும் கவர்ந்தது ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கை.

ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1962-இல் கிழக்கு செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பள்ளியில் கூடைப்பந்தும் கைப்பந்தும் ஆடினார். ஓடவும் தாண்டவும் செய்தார். எதையும் விடச் சொல்லி யாரும் அவரை நெருக்கவில்லை போலும். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்துக்கென்று உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த பிறகு, ‘எங்கள் பணத்தில் படிக்கிறாய், இனி மணற்குழிப் பக்கம் போகாதே’ என்று சொல்லிவிடவில்லை. அங்கே தடகளத் துணைப் பயிற்சியாளராக இருந்த பாப் கெர்சி என்பவர், இந்தப் பெண்ணுக்கு ஒரு போட்டி போதாது என்று கண்டு, ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் இறக்கினார். (பிற்பாடு அவரையே ஜாக்கி மணந்துகொண்டார்.) தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர் ஓட்டம் ஆகிய ஏழையும் இரண்டே நாளில் முடிக்க வேண்டும். 1984 ஒலிம்பிக்ஸில் வெறும் 5 புள்ளிகளில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். அந்தப் போட்டிக்காக ஒரே ஒரு பருவம் கூடைப்பந்தை விட்டிருந்தவர், திரும்பவும் வந்து பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 1988-இல் சியோலில் அவர் எடுத்த 7,291 புள்ளிகளை நாங்கள் இதை எழுதும் வரை உலகில் எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. அதே ஒலிம்பிக்ஸில் நீளம் தாண்டுதலிலும் தங்கம் அவருக்கே.

அவரைச் சேர்த்தவர்கள் ‘ஒருத்திக்கு ஒரு விளையாட்டு’ என்று கதவில் தாள் ஒட்டியிருந்தால், நல்ல கூடைப்பந்து வீராங்கனை ஒருவர் கிடைத்திருப்பார். அந்த 7,291 கிடைத்திருக்காது.

ஜாக்கி சிறுமியாக இருந்தபோது அவர் மனத்தில் ஆசையை மூட்டியது, பேப் டிட்ரிக்சன் என்ற பழைய வீராங்கனையைப் பற்றி 1975-இல் தொலைக்காட்சியில் வந்த ஒரு படமாம். இந்த அம்மாளின் கதையைப் படித்துவிட்டு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். 1930-இல் டல்லாஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவரைத் தட்டச்சு வேலைக்கு எடுத்தது. உண்மையில் எடுத்தது தன் கூடைப்பந்துக் குழுவுக்காக. 1932-இல் அதே நிறுவனம் அவரை தேசியத் தடகளப் போட்டிக்குத் தன்னந்தனியாக, ஒரே ஆளைக் கொண்ட குழுவாக அனுப்பியது. அவர் 30 புள்ளி எடுத்துக் குழுக் கோப்பையை வென்றார். இரண்டாவதாக வந்த குழுவில் 22 பேர். அவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 22 புள்ளி! அதே ஆண்டு ஒலிம்பிக்ஸில் ஈட்டியிலும் தடை ஓட்டத்திலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி. அதற்கும் பிறகு கோல்ஃப் ஆட்டத்தில் புகழ் பெற்றார். எல்லாவற்றிலும் கை வைத்தால் உருப்பட முடியாது என்று அவரிடம் யாராவது சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இவர்கள் எல்லாம் பிறவியிலேயே அபூர்வமானவர்கள், அவர்களை நமக்கு உதாரணம் காட்டலாமா என்று கேட்கலாம். சரிதான். அப்படியானால் சிறு வயதிலேயே ஒரே விளையாட்டில் முழுகியவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆஷ்லி பார்ட்டி மழலை வயதிலேயே டென்னிஸ் மட்டையைப் பிடித்தவர். 2011-இல் விம்பிள்டனில் சிறுமியர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 15. எங்கள் வயது! 2014-இல், வயது 18 ஆனபோது, மட்டையை வைத்துவிட்டார். ஊர் ஊராகச் சுற்றி ஒன்றையே ஆடி ஆடி அலுத்துப்போய், மற்றப் பிள்ளைகளைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். 18 வயதில் ஒருத்தி களைத்துப்போவதென்றால் எவ்வளவு ஓட்டியிருப்பார்கள்!

அடுத்து நடந்ததுதான் தேர்வாளர்கள் கவனிக்க வேண்டியது. பிரிஸ்பேன் நகரத்துப் பெண்கள் கிரிக்கெட் குழு ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. கிரிக்கெட்டில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அனுபவம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வேகமாக வரும் பந்தைப் பார்க்கும் கண்ணும், மட்டைக்குப் பழகிய கையும் இருந்தன. அது போதும் என்று எடுத்தார்கள். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய முதல் பெண்கள் பிக் பாஷ் போட்டியில் அவர் அந்தக் குழுவுக்கு ஆடினார். கிரிக்கெட்டில் பெரிய வீராங்கனை ஆகவில்லை. ஆனால் குழுவோடு சேர்ந்து சிரித்து ஆடிய பிறகு, 2016-இல் தானாகவே டென்னிஸுக்குத் திரும்பினார். 2019-இல் பிரெஞ்சுப் பட்டம், 2021-இல் விம்பிள்டன், 2022-இல் ஆஸ்திரேலியப் பட்டம். அந்த 2022 மார்ச்சில், உலகின் முதல் இடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் மனநிறைவோடு விடைபெற்றார். நடுவில் அந்தக் கிரிக்கெட் இல்லாவிட்டால் இத்தனையும் நடந்திருக்குமா என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மருத்துவர்கள் சொல்வதும் இதற்குத் துணையாகவே இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயது வரை ஒன்றில் மட்டும் ஒதுங்காமல் இருப்பது நல்லது என்றும், ஒரே விளையாட்டில் இருப்பவர்களும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோழிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருந்தது. மூன்று மாதம் விலகி இருக்கும் வாய்ப்பு வலி வந்த பிறகுதான் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஒரு பெண்பிள்ளையின் உடல் எவ்வளவு மாறுகிறது என்பதை இங்கு விரித்து எழுத வேண்டியதில்லை. படிக்கும் அன்னையருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் குட்டையாக இருந்து, எறிபந்து வலைக்கு மேல் கை எட்டாமல் அழுத எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி இன்று எங்கள் எல்லோரையும் விட உயரம். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் எவ்வளவு பெரிது! சீக்கிரம் வளர்ந்தவளைத் திறமைசாலி என்றும், மெதுவாக வளர்கிறவளை ‘இவளுக்கு வராது’ என்றும் ஆறாம் வகுப்பிலேயே பிரித்து எழுதிவிட்டால், பிறகு அழிக்க ரப்பர் கிடையாது.

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் லாக்ராஸ் என்ற ஆட்டத்தில், உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்ததும் வைக்காததுமான சிறுமிகளிடமே கல்லூரிகள் வாய்மொழியாக உறுதி வாங்கிவந்தன. அது முறையன்று என்று கண்டு, பதினோராம் வகுப்பு செப்டம்பர் முதல் நாள் வரை பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் இது பற்றிப் பேசவே கூடாது என்று 2017-இல் விதி கொண்டுவந்தார்கள். நம்மை விடப் பணமும் திடலும் மிகுந்தவர்களே பட்டுத் திருந்தியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் வலுவான நியாயம் ஒன்று உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றைப் பதினைந்து வயதில் தொடங்க முடியாது. நாடியா கோமனேச்சி 1976-இல் மான்ட்ரியாலில் முழுமையான பத்து மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு 14 வயதுதான். அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் கதவில் ஒட்டும் தாளில் ஜிம்னாஸ்டிக்ஸ் இல்லை. எறிபந்துக்கும் கோ-கோவுக்கும் அந்த அவசரம் எதற்கு? எங்களில் ஒருத்தியின் தந்தை, ‘குகேஷைப் பார், சின்ன வயதிலிருந்தே செஸ் ஒன்றையே பிடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆகவில்லையா?’ என்று கேட்டார். ஆனார், 2024-இல் நாங்களும் கைதட்டினோம். ஆனால் செஸ் ஆடி யாருக்கும் முழங்கால் வீங்கியதாகக் கேள்விப்படவில்லை, அப்பா.

இரண்டு போட்டியும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்று பி.டி. மிஸ் கேட்டார்கள். நல்ல கேள்வி. நம் மாநிலத்து எம்.ஜே. கோபாலன் இந்தியாவுக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார், ஹாக்கியும் ஆடினார். 1936-இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், மறு பக்கம் கிரிக்கெட் குழுவின் இங்கிலாந்துப் பயணம். அவர் கிரிக்கெட்டோடு போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஹாக்கிக் குழு தங்கம் வென்றது. இதைப் படித்தபோது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வளர்ந்த மனிதர். இரண்டிலும் நாட்டின் குழு வரை போய்ப் பார்த்துவிட்டு, தாமே முடிவு செய்தார். எங்கள் தோழி இரண்டில் எதிலும் எதுவரை போவாள் என்று தெரிவதற்கு முன்பே, வேறு ஒருத்தி பேனாவை வாங்கி முடிவு செய்துவிட்டாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சான்றிதழுக்காகத்தான் ஒரே விளையாட்டு என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். தொழிற்கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் இடம் கிடைக்க மாநில அளவில் ஆடிய சான்று உதவும் என்பது உண்மை. அதை நாங்கள் இழிவாக நினைக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் கட்டணம் கட்டக் கஷ்டம்தான். ஆனால் அந்தச் சான்று பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் தேவைப்படுவது. அதற்காக ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கட்டிப்போடுவது, அடுத்த வருஷத்துச் சோற்றுக்கு இன்றே உலை வைப்பது போல அல்லவா? ‘ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்’ என்று எங்களில் ஒருத்தியின் பாட்டி கண்டிப்பார்கள். பாட்டியின் ஊரில் நாற்று நடுகிறவர்கள் சேற்றில் கால் வைக்காமலா நடுகிறார்கள் என்று கேட்டோம். பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதிக்குச் சம்மதம் மட்டும் வரவில்லை.

எங்கள் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நால்வரில் தடுப்பாட்டம் நன்றாக ஆடுகிறவள், ஏழாம் வகுப்பு வரை கோ-கோவில் ஓடியவள். எதிரி எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதை அவள் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அதை எந்தக் கூடைப்பந்துப் பயிற்சியிலும் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கம்பத்தைத் தாண்டிப் பழகியதால்தான் எங்கள் தோழி வளையத்தின் கீழே மற்றவர்களுக்கு முன்னால் எழும்பினாள். நாங்கள் அவளைக் கூடைப்பந்துக்கு இழுத்ததே உயரம் தாண்டுதல் கொடுத்த அந்தத் தாவலுக்காகத்தான். பிறகு அந்தத் தாவல் பிறந்த இடத்துக்கு அவளைப் போகவிடவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. எட்டாம் வகுப்பு முடியும் வரையாவது அந்தச் சிவப்பு வரி வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக இன்னொன்றும் இருக்கட்டும். விடுதிக்கும் கல்லூரிக்கும் பிள்ளைகளை எடுக்க வரும் பெரியவர்கள், மனுவில் இரண்டு விளையாட்டுக்கு இடம் விட்டால் போதும். எத்தனை வருஷம் ஆடினாய் என்று கேட்கும் நேரத்தில், பக்கத்துத் திடலில் ஒரு முறை தாண்டிக் காட்டச் சொல்லலாம். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

இவ்வளவு எழுதியதை முதலில் எங்கள் தோழியிடம்தான் காட்டினோம். பேனாவை வாங்கி எழுதிய பகுதி வந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ‘அன்னிக்கு நானும் கையைப் பிடிக்கலையே’ என்றாள். எங்களைத் தேற்றச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று தெரியவில்லை. முழங்கால் இப்போது சரியாகிவிட்டதாம். தாண்டும் முன் என்ன எண்ணுவாய் என்று திரும்பவும் கேட்டோம். அதற்கும் சிரிப்புத்தான் பதில்.

இளைய பிள்ளைகள் எல்லா விளையாட்டும் ஆடுவதானால் பி.டி. மிஸ் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். பொதுத் தேர்வு முடிந்த பிறகு, சனிக்கிழமை காலைகளில் வந்து சுண்ணாம்புக் கோடு போடவும், வலை கட்டவும், மணற்குழியைக் கிளறி வைக்கவும் நாங்கள் நால்வரும் தயார். கம்பம் வைக்கிற வேலைக்கு இன்னொருத்தியைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.